குவார்ட்டர்பேக் ஜெயிச்சாரா, டீம் ஜெயிச்சுதா?

"டீபோ ஆடினா ஜெயிக்கிறாங்க, வேற என்னய்யா வேணும்?" 2011ல் டென்வர் பிராங்கோஸ் ரசிகர்கள் ஆரம்பிச்ச பாட்டு இது. இன்னிக்கும் குவார்ட்டர்பேக் பத்திப் பேச்செடுத்தா யாராவது ஒருத்தர் டிம் டீபோவைத் தூக்கிக்கிட்டு வந்துடறார். பந்து எறியத் தெரியலைன்னா என்ன, பிளேஆஃபுக்குக் கூட்டிட்டுப் போனாரா இல்லையான்னு ஒரே போடு. மக்களே, சுத்தப் போங்கு வாதம் இது.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு டீமில் தாக்குற 11 பேர் வேற, தடுக்கிற 11 பேர் வேற. உதைக்கிறதுக்குத் தனி ஆள். குவார்ட்டர்பேக் தாக்குற கோஷ்டிக்குத் தலைவர், அவ்வளவுதான். பந்து எதிராளி கையில் இருக்கும்போது இவர் ஓரமா உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டிருப்பார். ஆனா வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் இவர் பேரில்!

இப்ப 2011 கணக்குக்கு வருவோம். முதல் 5 ஆட்டத்தில் டென்வருக்கு ஒரே ஒரு வெற்றி. கைல் ஆர்ட்டனை உட்கார வெச்சுட்டு டீபோவை இறக்கினாங்க. அவர் தொடங்கின 11 ஆட்டத்தில் 7 வெற்றி. ஆஹா ஓஹோ! சரி, எறிஞ்ச பந்தில் எத்தனை போய்ச் சேர்ந்தது? நூத்துக்கு 46.5. அந்த வருஷம் லீக் சராசரியே 60ஐ ஒட்டி இருந்தது.

கான்சஸ் சிட்டியோட நவம்பரில் நடந்த ஆட்டத்தில் டீபோ எறிஞ்சது 8, சேர்ந்தது 2. டென்வர் 17-10 ஜெயிச்சது. எப்படி? 55 தடவை பந்தைக் கையில் வெச்சுக்கிட்டு ஓடினாங்க, எதிராளியை 10 புள்ளியோட கட்டிப்போட்டாங்க. டிசம்பரில் சிகாகோ ஆட்டம் இன்னும் வேடிக்கை. மேட் பிரேட்டர் 59 கெஜத்திலிருந்து உதைச்சு சமன் பண்ணினார். கூடுதல் நேரத்தில் சிகாகோவின் மேரியன் பார்பர் பந்தை நழுவ விட்டார். மறுபடி பிரேட்டர், 51 கெஜம், 13-10. மறுநாள் பேப்பரில் யார் படம்? டீபோ.

பிளேஆஃபுக்குப் போனதாவது சாதனையா? கடைசி 3 ஆட்டமும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி 7-3ன்னு ஜெயிச்சது. அவங்க குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? டென்வர் கழட்டி விட்ட அதே ஆர்ட்டன்! டீபோ 22 எறிஞ்சு 6 சேர்ந்தது. அதே நாளில் ஓக்லண்டும் தோத்ததால் டென்வர், ஓக்லண்ட், சான் டியகோ மூணும் 8-8. சமன்முறி விதியில் டென்வர் தப்பிச்சது. 9-7 எடுத்த டென்னஸி வீட்டுக்குப் போச்சு. அந்த சீசனில் டென்வர் எடுத்த புள்ளி 309, கொடுத்த புள்ளி 390. இந்த லட்சணத்தில் இருந்த டீமைத்தான் "தலைவர் கரை சேர்த்தார்"னு சொல்றாங்க.

நியாயமா பேசணும்னா, ஓட்டத்தில் மனுஷன் கில்லாடி. அந்த சீசனில் 660 கெஜம். பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கை 316 கெஜம் எறிஞ்சு அடிச்சார். கூடுதல் நேரத்தின் முதல் பந்திலேயே டெமேரியஸ் தாமஸுக்கு 80 கெஜம், 29-23. அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனா அடுத்த வாரமே நியூ இங்கிலாந்து 45-10ன்னு துவைச்சுக் காயப்போட்டது. 2012ல் பெய்டன் மேனிங் வந்தார், டீபோ நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். டென்வர் 13-3. டீபோ அதுக்கப்புறம் என்.எஃப்.எல்.லில் குவார்ட்டர்பேக்கா ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கலை.

இதில் மேனிங் பக்தர்களும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2015 சீசனில் அதே மேனிங் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். அந்த சீசனில்தான் டென்வர் சூப்பர் பௌல் வாங்கிச்சு, 24-10. ஆட்ட நாயகன் தடுப்பு ஆட்டக்காரர் வான் மில்லர். 2011ல் புதுமுகமா வந்து எதிராளி குவார்ட்டர்பேக்குகளைச் சாய்ச்சுக்கிட்டிருந்தாரே, அதே மில்லர்தான். டீபோ வாங்கின கைத்தட்டலில் பாதி இவருக்குப் போயிருக்கணும்.

அதனால அடுத்த தடவை "நம்ம ஆளு ஜெயிக்கப் பிறந்தவன்"னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அந்த ஆட்டத்தில் எதிராளி எத்தனை புள்ளி எடுத்தான்னு ஒரு தடவை பாருங்க சாமிகளா.

டிஸ்கி: பிரேட்டருக்கு ரசிகர் மன்றம் வெக்கறதா இருந்தா சொல்லுங்க, முதல் உறுப்பினர் நான்தான்.