பூட்டின் பெருமையும் திறப்பின் சிறுமையும்

இணையத்தின் வழியே நிகழும் செய்திப் பரிமாற்றங்கள் மறைகுறியாக்கம் பெற்றுவிட்டமையால் அவை யாவும் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை இன்று கற்றோர் மத்தியிலும் வேரூன்றியுள்ளது. மறைகுறி முறைகளின் கணித வலிமையைப் பாராட்டுவோர் பலர். அம்முறைகள் நாள்தோறும் எவ்வாறு பராமரிக்கப்படுகின்றன என வினவுவோர் மிகச் சிலர். பூட்டு எத்துணை உறுதியானதாயினும் அதன் திறப்பு வாசற்படியின் கீழ் ஆண்டுக்கணக்கிற் கிடக்குமாயின், அவ்வீட்டைக் காவலுடைய வீடென்று கூறுதல் பொருந்தாது. ரி.எல்.எஸ். எனப்படும் பாதுகாப்பு நெறிமுறையில் வழங்கும் 'மீள்தொடர் சீட்டு' இத்தகைய நிலைக்கே ஆளாகியுள்ளது.

சீட்டின் தோற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு. பயனரின் கணினியும் சேவையகமும் முதன்முறை தொடர்புகொள்ளும்போது ஒன்றையொன்று அறிந்து, பொது இரகசியம் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். நெறிமுறையின் 1.2 ஆம் பதிப்பில் இதற்கு இருமுறை செய்தி போய்வர வேண்டியிருந்தது. அதே பயனர் சிறிது நேரத்தில் மீண்டும் வரும்போது இச்சடங்கைச் சுருக்குவதற்காகவே சீட்டு முறை 2006 இல் வகுக்கப்பட்டு, 2008 இல் திருத்தம் பெற்றது. வாடிக்கையாளர் கணக்கைத் தன் ஏட்டில் எழுதிவைக்காது, அக்கணக்குப் பக்கத்தையே பெட்டியிற் பூட்டி அவரிடமே கொடுத்தனுப்பும் வணிகனைப் போன்றது இம்முறை. வாடிக்கையாளர் பெட்டியைத் திரும்பக் கொணரும்போது வணிகன் அதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றான். சேவையகத்தின் நினைவகச் சுமை குறைகின்றது, தொடர்பு விரைவடைகின்றது. ஆயின், ஆயிரமாயிரம் பெட்டிகளுக்கும் திறப்பு ஒன்றே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்திலேயே தீங்கு தொடங்குகின்றது. ஒவ்வோர் உரையாடலுக்கும் தற்காலிகத் திறப்புகளை ஆக்கி, உரையாடல் முடிந்ததும் அவற்றை அழித்துவிடுவது நவீன மறைகுறியியலின் பெருஞ் சாதனையாகும். சேவையகத்தின் நிரந்தரத் திறப்பு பின்னொருநாள் களவாடப்பட்டாலும் பழைய உரையாடல்களை வாசித்தல் இயலாது என்பதே 'முன்னோக்கு இரகசியம்' எனும் இவ்வேற்பாட்டின் வாக்குறுதி. ஆனால் 1.2 ஆம் பதிப்பில், உரையாடலின் மூல இரகசியத்தை உள்ளடக்கிய சீட்டு, மறைகுறியாக்கம் தொடங்குமுன்னரே வெளிப்படையாக வலையமைப்பிற் செல்கின்றது. அதனையும் உரையாடலையும் பதிவுசெய்து வைத்திருப்பவன் சீட்டுத் திறப்பைப் பின்னர் கைப்பற்றின், அனைத்தையும் வாசித்துவிடலாம். அழிந்ததாகக் கருதப்பட்ட இரகசியம் அழியவில்லை. வேறொரு பெட்டியிற் குடியேறியிருந்தது. பெருந்தொகையான செய்திப் போக்குவரத்தை அரசுகள் திரட்டுவதை 2013 இல் எட்வேர்ட் சினோடன் அம்பலப்படுத்திய பின்னர், இதனை வெறுங் கற்பனை அச்சமென ஒதுக்குவதற்கு இடமில்லை.

நடைமுறையின் அவலத்தை ஆய்வுகளே மெய்ப்பிக்கின்றன. 2016 இல் வெளியான ஒன்பது வார கால ஆய்வொன்று உலகின் முன்னணிப் பத்து இலட்சம் வலைத்தளங்களைப் பரிசோதித்தது. சீட்டு உள்ளிட்ட குறுக்குவழிகளின் விளைவாக, மறைகுறித் தொடர்பை வழங்கிய தளங்களில் 38 வீதமானவற்றின் உரையாடல்கள், சேவையகம் 24 மணிநேரத்தின் பின்னர் கைப்பற்றப்பட்டாலும் வாசிக்கத்தக்கனவாய் இருந்தன; 10 வீதமானவற்றில் இக்காலம் 30 நாட்கள் வரை நீண்டது. 2020 இல் வெளிப்பட்ட குனூ-ரி.எல்.எஸ். மென்பொருளின் வழு இதனினும் வெட்கத்துக்குரியது. 2018 தொடக்கம் அதன் சில பதிப்புகள், முதலாவது திறப்பு மாற்றம் நிகழும்வரை, வெறும் பூச்சியங்களாலான திறப்பைக் கொண்டே சீட்டுகளைப் பூட்டின. பூட்டு இருந்தது; திறப்போ உலகறிந்ததாயிருந்தது.

இவற்றுக்கு விடையாகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. விரைவு இன்றியமையாதது என்பது முதலாவது. விரைவை எவரும் மறுக்கவில்லை. புதிய திறப்பாற் புதிய சீட்டுகளைப் பூட்டி, பழைய திறப்பை முன்னைய சீட்டுகளைத் திறப்பதற்காக மாத்திரம் சில மணிநேரம் வைத்திருந்து பின் அழிப்பின், விரைவு பெரிதும் குன்றாது. பல சேவையகங்கள் ஒரே திறப்பைப் பகிரவேண்டியிருத்தலால் அதனை அடிக்கடி மாற்றுதல் கடினம் என்பது இரண்டாவது. 12 மணிநேரத்துக்கொருமுறை புதிய திறப்பை ஆக்கி, 36 மணிநேரத்தில் பழையதை அழித்து, வன்தட்டில் எழுதாது நினைவகத்தில் மாத்திரம் வைத்திருக்கும் தன் ஏற்பாட்டை ருவிற்றர் நிறுவனம் 2013 இலேயே வெளியிட்டது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கு இயன்றது, சில சேவையகங்களை மாத்திரம் நடத்துவோருக்கு இயலாதென்பது சோம்பலுக்குச் சூட்டிய பெயரேயாகும்.

2018 ஓகத்தில் வெளியான 1.3 ஆம் பதிப்பு யாவற்றையும் தீர்த்துவிட்டது என்பது மூன்றாவது நியாயம். அப்பதிப்பிற் சேவையகம் சீட்டை வழங்கும்போது அது வெளிப்படையாகச் செல்வதில்லை. முந்திய உரையாடலைத் திறக்கும் இரகசியமும் அதில் இல்லை. சீட்டின் ஆயுள் ஏழு நாட்களை விஞ்சலாகாது. இவை போற்றத்தக்க திருத்தங்களே. ஆயினும், மீள்தொடரும்போது புதிய இரகசியப் பரிமாற்றமின்றியே இயங்கும் வழியொன்று அதிலும் அனுமதிக்கப்பட்டுள்ளது. கைகுலுக்கல் முடியுமுன்னரே அனுப்பப்படும் முன்தரவைக் காப்பதும் சீட்டின் இரகசியம் ஒன்றே. மேலும், ஏழு நாள் எல்லை சீட்டுக்கு உரியதேயன்றி, அதனைப் பூட்டும் திறப்புக்கு உரியதன்று. இயங்கத் தொடங்கியபோது ஆக்கிய திறப்பையே, நிறுத்தித் தொடங்கும்வரை பேணுகின்ற சேவையகம் எப்பதிப்பிலும் அதே சேவையகந்தான். பெரிதும் பயன்படும் எஞ்சின்எக்ஸ் மென்பொருள், பகிர்நினைவகத்தைக் கையாளுமிடத்துத் திறப்பைத் தானே மாற்றும் ஏற்பாட்டைப் பெற்றது 2022 இலேயாகும்.

ஆதலின் சேவையகம் நடத்துவோர் செய்யவேண்டுவன தெளிவானவை. திறப்பு எழுந்தமானமாக ஆக்கப்படல் வேண்டும். நாளுக்கொருமுறையேனும் மாற்றப்படல் வேண்டும். காலங்கழிந்தது மீட்கவியலாவாறு அழிக்கப்படல் வேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதோர் சீட்டு முறையையே நிறுத்திவிடுதல் நேர்மையாகும்.

மருத்துவரிடம் தன் நோயைக் கூறியவளும், செய்தியாளனுக்கு ஊழலைத் தெரிவித்த ஊழியனும் சீட்டைப் பற்றியோ அதன் திறப்பைப் பற்றியோ அறியார். கூறிய சொல் கூறிய கணத்தோடு மறைந்துவிடும் என்ற வாக்கை மாத்திரம் நம்பியே அவர்கள் எழுதினர். அவ்வாக்கை அளித்தவர்கள், மறக்கவேண்டியதை மறவாது வைத்திருப்பின், அது தொழில்நுட்பக் குறைபாடென்ற போர்வைக்குள் மறைக்கத்தக்கதன்று; நம்பிக்கைத் துரோகமே ஆகும்.