போர் எங்கோ! பலி இங்கே!



இரண்டாம் உலகப் போர் வெள்ளையர்களின் சண்டை, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் இன்றும் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. போரைத் தீர்மானித்தவர்கள் வேறு. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு!

முதல் உலகப் போரில் வென்றவர்கள் 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தை எழுதினார்கள். தோற்ற ஜெர்மனியின் தலையில் பெரும் இழப்பீட்டைச் சுமத்தினார்கள். உஸ்மானியப் பேரரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக்கொண்டன. நீதியில்லாத சமாதானம் அடுத்த போருக்கு விதையானது. 1929இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து தவித்த மக்களிடம் இனவெறியை ஊட்டி, 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 1939 செப்டம்பர் 1இல் அவனது படை போலந்துக்குள் புகுந்தது.

செப்டம்பர் 3இல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் யாரிடமும் கேட்கவில்லை! இதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. ஆனாலும் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பலரை அழைத்துச் சென்றது வயிற்றுப்பாடுதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானிடம் வீழ்ந்தன. பர்மாவில் பிழைத்த நம்மவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். சயாம் ரயில் பாதை வேலையில் மலேயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள்.

ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இடையில் கிடந்த மாமல்லபுரம் கடற்கரைக்கு என்ன பாதுகாப்பு? சென்னையை விட்டு வெளியேறும்படி மக்களிடம் சொல்லிவிட்டு, அரசே தன் அலுவலகங்களை உள்நாட்டுக்கு மாற்றியது. தெற்கே போன ரயில்கள் செங்கல்பட்டைக் கடந்தே போயின. கையில் காசும் போக இடமும் உள்ளவன் போனான். அன்றாடங்காய்ச்சி எங்கே போவான்? கடலை நம்பிய மீனவன் எங்கே போவான்?

பர்மா அரிசி நின்றது. 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். அவர்கள் எந்தப் போர்க்களத்தில் நின்றார்கள்?

ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டு வீசி 1945இல் போரை முடித்தார்கள். நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றது மாபாதகம். ஆனால் ஐரோப்பா செய்த அந்தப் பாதகத்துக்கு, 1948இல் வீடிழந்த ஏழு லட்சம் பாலஸ்தீனர்களும் விலை கொடுத்தார்கள். உலக அமைதிக்கென ஐ.நா. சபை அமைத்தவர்கள், வெட்டு அதிகாரத்தை ஐந்து நாடுகளின் கையில் வைத்துக்கொண்டார்கள்!

இன்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் நிற்கிறது. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் ஒப்பந்தம் செய்தன. பகைக்கு நடுவிலும் ஆண்டுதோறும் ஜனவரி 1இல் அந்நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. இத்தகைய எழுத்துப்பூர்வமான உறுதிகளே மக்களைக் காக்கும். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கைகுலுக்கினார்கள். எட்டே மாதத்தில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். கைகுலுக்கல் மட்டும் அமைதியாகிவிடுமா?

சகோதரர்களே! 1942ஐ நேரில் கண்டவர்களில் மிகச் சிலரே இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் யார், திரும்பாதவர் யார் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். மஹல்லா, மீனவர் குப்பம், சேரி என்று பாராமல் எழுதுங்கள். 'போர் வேண்டும்' என்று மேடையில் யாராவது முழங்கினால், அந்தப் பட்டியலை அவர் முன் வையுங்கள். இதில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் எங்கே என்று கேளுங்கள்!