பாசிக்குடா: கடலுக்குப் போகும் வழி எந்த வரைபடத்தில் இருக்கிறது?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். கரையோரச் சனம் இதை இன்னும் மறந்திருக்காது. பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. போர் முடிந்து இரண்டு வருடத்தில், 2011இல், பாசிக்குடாவில் புதிய சொகுசு ஹோட்டல் திறந்தது. அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. கடல் ஆபத்து என்று யாருக்குச் சொல்லப்பட்டதோ, அவர்களுடைய கரையில்தான் இன்று நீச்சல் தடாகங்கள் இருக்கின்றன.

ஹோட்டல் வந்ததே பிழை என்று நான் எழுதவில்லை. பாசிக்குடாவுக்குச் சுற்றுலா புதிதல்ல. அலையடங்கிய, வெகுதூரம் நடந்து போகக்கூடிய அந்த ஆழமில்லாக் கடலுக்கு எழுபதுகளிலேயே வெளிநாட்டவர் வந்தார்கள். அன்றைய விடுதிகளைப் போர் இடிபாடாக்கியது. வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் பெண்களை அனுப்பும் மாவட்டத்தில், ஊரிலேயே ஒரு சம்பளம் கிடைப்பது சின்ன விசயமல்ல. (அந்தச் சம்பளத்தில் எவ்வளவு உள்ளூருக்கு வருகிறது என்பது தனியே எழுதவேண்டிய கதை.)

என் கேள்வி தோணி கட்டும் இடத்தைப் பற்றியது. முன்பு குடா நெடுகத் தோணி இழுத்த மீனவர்கள் இப்போது ஒரு சிறு துண்டுக் கரைக்குள் ஒதுக்கப்பட்டுள்ளார்கள். இது எப்படி நடந்தது? கடற்கரை தனியாருக்கு விற்கப்படவில்லை. சட்டப்படி அது அரச நிலம், எல்லோருக்கும் பொது. ஆனால் கரைக்குப் போகும் ஒழுங்கைகள் காணிகளுக்குள்ளால் போகின்றன. மதில் எழும்பினால் ஒழுங்கை முடிந்தது. கடற்கரை பொதுவாகவே இருக்கும், போக வழிதான் இருக்காது.

வீட்டுக் காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ கேட்கலாம். கரைவலைப் பாட்டுக்கு மீன்பிடித் திணைக்களத்தின் அனுமதி இருக்கும். ஆனால் தோணி இழுக்கிற, வலை காயப்போடுகிற, வாடி போடுகிற இடத்துக்கு யார் உறுதி எழுதி வைத்தார்கள்? அப்பா இழுத்தார், மகன் இழுத்தான், அவ்வளவுதான் ஆதாரம். பலமுறை இடம்பெயர்ந்த ஊரில் அந்தப் பாவனையும் நடுவில் அறுந்துபோனது. திரும்பி வந்தபோது அதிகாரிகளின் வரைபடத்தில் அந்தக் கரை வெறும் மணல். சுற்றுலா வலயம் கீற அதைவிட வசதியான நிலம் வேறென்ன?

சூழல் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. 99 அறைகளுக்கோ 40 ஹெக்டெயருக்கோ மேற்பட்ட ஹோட்டல்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் வருகிறது. ஒரே குடாவில் 40, 50 அறையுடன் பத்து ஹோட்டல் வந்தால் ஒன்றுகூட அந்த அளவைத் தாண்டாது. கழிவுநீர், நிலத்தடி நீர், மறிபட்ட ஒழுங்கை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அது 400, 500 அறை ஹோட்டலின் தாக்கம். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்ட அனுமதி வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த அனுமதியும் ஹோட்டல் ஹோட்டலாகத்தான் கொடுக்கப்படுகிறது. குடாவை முழுதாகப் பார்ப்பது யார்?

திருகோணமலையின் குச்சவெளியும் சுற்றுலா வலயமாகக் குறிக்கப்பட்ட கரைதான். வடக்கின் கரைகள் பற்றியும் முதலீட்டுப் பேச்சு அடிபடுகிறது. மதில் எழும்பிய பிறகு நடக்கும் ஆர்ப்பாட்டத்தைவிட, அதற்கு முன் ஒரு தாளில் பதிவது பெறுமதியானது என்பதே என் எண்ணம். எந்த ஒழுங்கையால் கரைக்குப் போகிறோம், எத்தனை தோணி எங்கே நிற்கிறது, வாடி எங்கே என்று கடற்றொழிலாளர் சங்கங்கள் தாங்களே வரைபடம் கீறலாம். அதைக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் கொடுத்து, கிடைத்ததற்கான கடிதத்தை வாங்கி வைக்க வேண்டும்.

ஹோட்டல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதித்த வரைபடத்தின் பிரதியைக் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் ஒழுங்கை அதில் கீறப்பட்டிருக்கிறதா என்பதை.