கண்ணாடியை மாட்டினால் வாத்தியார் வந்துவிடுவாரா?

திருப்புலி நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டால் கொல்லிமலையின் கல்விப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று நண்பர் எழுதித் தள்ளியிருக்கிறார். நடையில் குறையில்லை, தர்க்கத்துக்குத்தான் முதுகெலும்பைக் காணோம்.

மலைப்பிள்ளைகள் உலகம் பார்க்காதவர்கள், அமேசான் காட்டை வகுப்பறைக்கே கொண்டுவர வேண்டும் என்பது அவரது முதல் வாதம். சோலைக்காட்டு ஓரத்தில் பிறந்து, மிளகு பறித்து, சாமை அறுத்து, ஆகாய கங்கையாய் விழுந்து புளியஞ்சோலைக்கு இறங்கும் ஐயாற்றை அறிந்த பிள்ளைக்குக் காடு என்றால் என்னவென்று இவர் காட்டப்போகிறாராம்! மண்ணரிப்பும் பல்லுயிர்ச் செழுமையும் பள்ளிச் சுவருக்கு அப்பால் கண்ணெதிரே கிடக்க, அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேச ஆளில்லாததுதானே குறை? எரிமலையைக் காட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு புரொஜக்டர் போதாதா?

மலைக்கு ஆசிரியர்கள் வரத் தயங்குகிறார்கள், அந்த இடத்தைக் கருவி நிரப்பும் என்பது இரண்டாவது. நல்லது. ஆனால் நான்கு பத்தி தள்ளி, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் கருவியால் பயனில்லை என்று அவரே எழுதுகிறார். ஆசிரியர் இல்லாததால் கருவி. கருவி இருப்பதால் ஆசிரியர் வேண்டும். இந்த வட்டத்துக்குள் சுற்றுவதற்கு, மலையேறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளே தேவலாம். அவையாவது ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கணக்கையாவது போட்டாரா? நாற்பது பிள்ளைகள், இரண்டு கண்ணாடி, ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் இருநூறு நிமிடம், அதாவது ஐந்து பாடவேளை. தன் முறை வரும்வரை மிச்சப் பிள்ளைகள் எந்த உலகத்தைப் பார்ப்பார்கள்?

"ஆய்வுகள் நிரூபித்துவிட்டன" என்பது மூன்றாவது. எந்த ஆய்வுகள்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மக்ரான்ஸ்கி குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகரில் அறிவியல் சோதனை செய்த மாணவர்களுக்கு அங்கேயே இருப்பதுபோன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. கலிபோர்னியாவில் பாரோங், மேயர் இருவரும் 2018இல் ஒப்பிட்டபோது, ஆர்வத்தில் மெய்நிகர் முந்தியது, தேர்வில் சாதாரணப் படவில்லைக் காட்சி முந்தியது. சிரித்து மயக்கி உயிர் வாங்கும் கொல்லிப்பாவையின் மலையைப் பற்றி எழுதுகிறவருக்கு, மயங்குவது வேறு கற்பது வேறு என்று வேறொருவரா சொல்லித்தர வேண்டும்? அதே கலிபோர்னிய ஆய்வில், இடையிடையே நிறுத்திச் சுருக்கி எழுத வைத்தபோது மெய்நிகர் மாணவர்களும் தேறினார்கள். அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படித்துத் திருத்துவது யார், கண்ணாடியா?

செங்கல்பட்டு மாவட்டப் படூர் பள்ளிக்கு 2022இல் மெய்நிகர் ஆய்வகம் வந்ததே, மலைக்கு வந்தால் ஆகாதா என்று கடைசியில் சமத்துவக் கொடியை உயர்த்துகிறார். படூர் இருப்பது ஐடி நிறுவனங்கள் வரிசைகட்டும் பழைய மாமல்லபுரம் சாலையில். அங்கே கருவி படுத்தால் எழுப்ப ஆள் கிடைக்கும். பள்ளிகளுக்கென்று 2015இல் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற மெய்நிகர்த் திட்டத்தைத் தொடங்கிய கூகுளே 2021இல் அதை மூடிவிட்டுப் போனது. கம்பெனி கைவிட்ட பெட்டியைப் பூட்டிவைக்கவா மலைப்பள்ளியில் அலமாரி?

விமானிக்கும் அறுவை மருத்துவருக்கும் இத்தகைய பாவனைப் பயிற்சி உதவுகிறது, மறுக்கவில்லை. அங்கெல்லாம் தேர்ந்த பயிற்றுநர் பக்கத்தில் நிற்கிறார். இங்கே அவருக்குப் பதிலாகத்தானே கருவியைக் கேட்கிறீர்கள்? காரணம் ரகசியமல்ல. ஆசிரியர் பணியிடம் மாதாமாதம் சம்பளம் கேட்கும். கண்ணாடிக்கு ஒரு டெண்டர், ஒரு திறப்பு விழா, வாய்பிளந்து நிற்கும் பழங்குடிச் சிறுமியோடு ஒரு புகைப்படம் போதும். உண்டு உறைவிடப் பள்ளியின் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லி நண்பர் ஒரு வரி எழுதட்டும், அவரது அக்கறையை நம்புகிறேன். அதுவரை இதை விற்பனைப் பிரசுரம் என்றே வைத்துக்கொள்வோம்.