இடுப்புக்குள் ஒளிந்த ஆறு சென்ட்

"கம்ப்யூட்டரே அளந்திருக்கு சார், இதுல என்ன சந்தேகம்?" என்று ஒரு நகைக்கடைப் பையன் என்னிடம் கேட்டான். கேள்வி சின்னது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்த மோதிரம் எடுத்தோம். ஒற்றைக் கல், ஐம்பது சென்ட், அதாவது அரை கேரட். கூடவே ஆய்வகச் சீட்டும் கொடுத்தார்கள். கல்லின் விட்டம் 4.95 மில்லிமீட்டர், கர்டில் 7 சதவீதம் என்று அதில் அச்சாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைப் பார்த்தார்கள், தூய்மையைப் பார்த்தார்கள். கர்டில் என்ற வரியை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் கோப்புகளில் சின்ன எழுத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன் வேறு எதைப் பார்ப்பான்!

கர்டில் என்றால் கல்லின் இடுப்பு. வட்டமாகப் பட்டை தீட்டிய வைரத்தில் மேல்பாதியும் கீழ்பாதியும் சந்திக்கும் இடத்தில் ஓடும் மெல்லிய விளிம்பு. நான் படித்த பிரெஞ்சு மொழியில் இதற்கு ரோந்தீஸ்த் என்று பெயர். இது கத்தி முனைபோல மெலிந்தால், ஆசாரி கம்பியை மடக்கும்போதே கல் உதிரும். ஆகவே கொஞ்சம் தடிமன் வேண்டும். நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவைக்கு மேல் தடித்தால் அது வெறும் எடை. மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் ஒரு துளிகூடப் பெரிதாகத் தெரியாது. ஜொலிப்பும் கூடாது. விலை மட்டும் கூடும்.

எவ்வளவு கூடும்? கணக்கைப் போட்டே காட்டுகிறேன். விட்டம் 4.95 என்றால் குறுக்குப் பரப்பு சுமார் 19.2 சதுர மில்லிமீட்டர். 7 சதவீதம் என்பது 0.35 மி.மீ. தடிமன். நன்றாகத் தீட்டிய கல்லுக்கு அதில் பாதி, 0.17 மி.மீ., தாராளமாகப் போதும். மிச்சம் 0.17 மி.மீ.யைப் பரப்பால் பெருக்கினால் சுமார் 3.3 கன மில்லிமீட்டர். வைரத்தின் அடர்த்தி 3.52. எனவே 11.5 மில்லிகிராம். ஒரு கேரட் 200 மில்லிகிராம், ஒரு சென்ட் 2 மில்லிகிராம். ஆக, ஏறத்தாழ ஆறு சென்ட் இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது!

அதாவது எங்கள் வீட்டுப் பெண் விரலில் இருப்பது பார்வைக்கு நாற்பத்து நான்கு சென்ட் கல். ஒழுங்காகத் தீட்டிய அரை கேரட் கல் 5.15 மி.மீ. அகலம் இருக்கும். வைரத்தின் விலை சீராக ஏறுவதில்லை, அரை கேரட், ஒரு கேரட் என்ற கோடுகளைத் தாண்டும்போது ஒரு கேரட்டுக்கான விலையே தாவுகிறது. நாற்பத்து நான்கு சென்ட்டை இடுப்பில் சதை வைத்து ஐம்பதாக்கினால் லாபம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கல்லை ஒரு சிறு மேடையில் வைத்துச் சுழற்றுவார்கள். பின்னால் விளக்கு, முன்னால் கேமரா. நூற்றுக்கணக்கான நிழல் உருவங்களை எடுத்து, மென்பொருள் அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவம் கட்டும். இஸ்ரேலின் சரின், ரஷ்யாவின் ஆக்டோனஸ் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. லூப் வைத்துக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தைவிட இது பல மடங்கு மேல். கல்லைத் துடைக்காமல் வைத்தால் ஒட்டிய தூசியையும் கல்லாகவே எண்ணிக்கொள்ளும். நிழலை மட்டும் பார்ப்பதால் விளிம்பில் உள்ள சிறு குழி அதன் கண்ணுக்குப் படாது. இந்தக் குறைகள் இருந்தாலும் எந்திரத்தோடு எனக்குச் சண்டையில்லை. அது அளந்ததில் எவ்வளவு நம் கைக்கு வருகிறது என்பதில்தான் சண்டை.

வட்டக் கல்லின் இடுப்பு ஒரே சீரான பட்டை அல்ல. அலை அலையாக ஏறி இறங்கும். பதினாறு மேடு, பதினாறு பள்ளம். மென்பொருளுக்கு இந்த முப்பத்திரண்டு இடமும் தெரியும். சீட்டில் வருவது என்ன? உலகம் பின்பற்றும் அமெரிக்க ஜி.ஐ.ஏ. ஆய்வகத்தின் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மெல்லியது', 'நடுத்தரம்', 'தடிமன்' என்ற சொல்லைப் பள்ளங்களைப் பார்த்துத் தருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் சதவீதத்தை எட்டு மேடுகளின் சராசரியாகத் தருகிறார்கள். ஒரே வரியில் சொல் பள்ளத்துக்கு, எண் மேட்டுக்கு! வாங்குகிறவர் இரண்டும் ஒன்றையே சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். அந்த எண்ணையும் அரை சதவீதத்துக்கு முழுமையாக்கி அச்சிடுகிறார்கள். ஐந்து மி.மீ. கல்லில் அரை சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு சென்ட் எடை.

சராசரி என்பதே ஒரு திரை. விளிம்பை ஒட்டிய முகங்களைச் சற்றுச் சாய்த்துத் தீட்டினால் எட்டு மேடு தடிக்கும், எட்டு மெலியும். ஒரு எட்டின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு மற்ற எட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஜி.ஐ.ஏ. 2006இல் கொண்டுவந்த தர முறையில் இப்படிச் சாய்த்த கல்லுக்கு மதிப்பைக் குறைக்கிறார்கள். நல்லது. ஆனால் வாங்குகிறவர் தானே சரிபார்க்க அந்த எண்கள் அவர் கையில் இல்லையே!

இன்னொன்று கேளுங்கள். கரடுமுரடான கல்லை எப்படி வெட்டினால் அதிகப் பணம் வரும் என்று திட்டம் போடுவதும் இதே வகை மென்பொருள்தான். சூரத்தில் தீட்டுபவருக்கு அது திரையில் காட்டும்: இடுப்பை மெலிதாக்கினால் இத்தனை சென்ட், தடிமனாக விட்டால் அரை கேரட் கோட்டைத் தொடலாம் என்று. அவர் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார். பிழைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீட்டுபவருக்குத் தெரிகிறது, மொத்த வியாபாரிக்குத் தெரிகிறது, எந்திரத்துக்குத் தெரிகிறது. பணம் கொடுப்பவருக்கு மட்டும் தெரியவில்லை. இது அளவையின் குறை அல்ல, நேர்மையின் குறை.

"தடிமன் இருந்தா கல்லு பத்திரம் சார்" என்பது கடைக்காரரின் அடுத்த பதில். அரைக் கிலோ சர்க்கரை வாங்கப் போனவனிடம், "டப்பா கனமா இருந்தா சர்க்கரை பத்திரம்" என்று சொல்லி டப்பாவையும் சேர்த்து நிறுத்தால் சும்மா விடுவோமா? பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு வாத்தியார் மீட்டர் பிறந்த கதையைப் பெருமையோடு சொல்லுவார். ஊருக்கு ஒரு கோலும் படியும் இருந்ததில் ஏமாந்தது ஏழைக் குடியானவன் என்பார். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது புரட்சியின் பிள்ளை. கேரட்டை 200 மில்லிகிராம் என்று நிலைநிறுத்தியதும் 1907இல் கூடிய அளவைகள் மாநாடு. அளவு துல்லியமானால் மட்டும் போதாது, அது இரு தரப்புக்கும் தெரிய வேண்டும். அதுதான் அந்தப் பாடத்தின் சாரம்.

நான் கேட்பது பெரிய சட்டம் எதுவும் இல்லை. எந்திரம் ஏற்கெனவே கணக்கிட்ட முழுத் தாளையும் சீட்டோடு கொடுங்கள். இடுப்பின் குறைந்த அளவு, கூடிய அளவு, சராசரி மூன்றையும் மில்லிமீட்டரில் அச்சிடுங்கள். ஒரு தாள் கூடுதலாக அச்சடிக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

அதுவரை, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நகையில் பதித்த பிறகு இடுப்பைப் பார்ப்பது கஷ்டம், குளோஸ் செட்டிங்கில் சுத்தமாக மறைந்துவிடும். கல் தனியாக இருக்கும்போதே கேளுங்கள். எடையை மட்டும் கேட்காதீர்கள், விட்டத்தையும் கேளுங்கள். அரை கேரட் வட்டக் கல் 5.1 மி.மீ.க்கும், ஒரு கேரட் 6.4 மி.மீ.க்கும் நன்றாகக் குறைந்தால் எடை எங்கே போனது என்று விசாரியுங்கள். கடைப் பையன் கம்ப்யூட்டரைக் காட்டினால், "சரி தம்பி, அது அளந்த தாள் முழுவதையும் எடு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாவகாசமாக உட்காருங்கள்.