விரலிலதான் சத்தம் இருக்காம்

பேஸ் கிற்றார் வாசிக்கிற இரண்டு பேரை ஒரு தேத்தண்ணிக் கடையில இருத்திப் பாருங்கோ. பாட்டைப் பற்றிக் கதைக்கவே மாட்டினம். பத்து நிமிசத்துக்குள்ள கதை கம்பிக்கு வந்திடும்: வழுவழு எண்டு இருக்கிற பிளாட்வுண்டா, விரல் உரசுற ரவுண்ட்வுண்டா? பிறகு பிக்கப். பிறகு அம்பிளிபயர், எத்தினை வாட்ஸ், பெட்டிக்குள்ள எத்தினை இஞ்சி ஸ்பீக்கர். எங்கட ட்ரம்ஸ்காரன் ஒருநாள் முழுக்கக் கேட்டுட்டு, "நீங்கள் கதைக்கிறது மோட்டசைக்கிள் கராஜ் கதை மாதிரிக் கிடக்கு" எண்டான். பிழை சொல்ல ஏலாது.

ஆனா கதை எங்க போனாலும் கடைசியில யாராவது ஒரு அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்லுவார். "தம்பி, சாமான் முக்கியமில்லை. சத்தம் விரலிலதான் இருக்கு." அதோட மேசை அமைதியாகிடும். அந்த வசனத்தோடதான் எனக்குப் பிரச்சினை.

அதுக்குச் சாட்சியாக எப்பவும் ஜேம்ஸ் ஜேமர்சனைத்தான் கூப்பிடுவினம். 1960களில் அமெரிக்காவின் டெட்ரோய்ட் நகரத்தில் மோட்டவுன் நிறுவனத்துக்கு பேஸ் வாசித்தவர். சுப்ரீம்ஸ், டெம்டேஷன்ஸ், மார்வின் கே என்று அந்த நிறுவனத்தின் எத்தனையோ பாட்டுக்களில் கேட்கிற பேஸ் அவருடையது. அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டு பென்டர் பிரிசிஷன் ஒன்று. பிளாட்வுண்ட் கம்பி, அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். வலது கையில் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே வாசிப்பார், அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். ஒரு கிற்றார், பழைய கம்பி, ஒரு விரல். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கதை உண்மைதான், ஆனா அரைவாசி. அந்த விரலில் இருந்து கிளம்பின சத்தம் பிறகு எங்க போச்சு எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. மோட்டவுன் ஸ்டூடியோவில் கிற்றார்களையும் பேஸையும் அம்பிளிபயருக்கு முன்னால மைக் வைத்துப் பிடிக்காமல், பொறியியலாளர்கள் தாங்களே கட்டின ஒரு பெட்டி வழியாக நேரடியாக மிக்ஸருக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சத்தத்தைச் சரிப்படுத்துறதே தொழிலாகக் கொண்ட ஆக்கள் மற்றப் பக்கம் இருந்தார்கள். கிளப்புகளில் வாசிக்க அவரிடம் அம்பெக் பி-15 என்ற நல்ல பேஸ் அம்பிளிபயரும் இருந்தது. ஆக, சாமான் இல்லாமல் இல்லை. பாதிச் சாமான் வேற ஆளின்ர, அவ்வளவுதான்.

இன்னொன்று. பேஸ் கிற்றார் என்ற கருவியே 'கேட்கேல்லை' என்ற முறைப்பாட்டில் பிறந்தது. அதுக்கு முன்னம் ஆள் உயரத்துக்கு நிற்கிற டபிள் பேஸ்தான், ஜேமர்சனும் அதில பழகி வந்தவர்தான். ட்ரம்ஸும் ட்ரம்பெட்டும் முழங்கினால் அது அமுங்கிப் போகும். 1951இல் லியோ பென்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அப்போதிருந்த அம்பிளிபயர்கள் அதைத் தாங்காது என்பதால் அடுத்த வருடமே அதற்கென்று பேஸ்மன் என்ற அம்பிளிபயரையும் விட வேண்டி வந்தது. கிற்றாரைச் செய்த மனிதருக்கே விளங்கியிருக்கு, கிற்றார் மட்டும் காணாது எண்டு.

இப்ப என்ர கதை. முதலாம் வருசத்தில பீடத்து இசை நிகழ்ச்சிக்கு நான் பேஸ். கிற்றார் ஒரு சேர்ச்சில இரவல். அம்பிளிபயர் எண்டு கிடைத்தது 15 வாட்ஸ், எட்டு இஞ்சி ஸ்பீக்கரோட, சாதாரண கிற்றார் பழகிறதுக்கு இருந்த சின்னப் பெட்டி. மேடையில நான் வாசிச்சது எனக்கே கேட்கேல்லை. சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஸ்பீக்கர் இருமத் தொடங்கிட்டுது. முடிஞ்சு இறங்க ஒரு சீனியர் அண்ணா, நல்ல மனுசன், தோளில கைபோட்டு, "விரல்ல பலம் காணாது தம்பி, பழகு" எண்டார். நான் நம்பினன். ஒரு வருசம் விரல் கொப்பளிக்கப் பழகினன். அடுத்த நிகழ்ச்சியிலயும் அதே பெட்டி, அதே இருமல். பேஸை விடுவமா எண்டு யோசிச்சன்.

பிறகு ஒரு கலியாண வீட்டில, பைலா வாசிக்கிற கோஷ்டி ஒன்றின்ர பேஸ்காரர் சாப்பாட்டு இடைவேளையில தன்ர பெட்டியில செருகித் தந்தார். பதினைஞ்சு இஞ்சி ஸ்பீக்கர். அதே விரலால ஒரு கம்பியைத் தட்ட, பிளாஸ்டிக் கதிரை அதிர்ந்தது. எனக்குக் கோபம்தான் முதல் வந்தது.

இதில ஒரு மாயமும் இல்லை. பேஸின் ஆகக் கீழ்க் கம்பி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தரம் அதிரும், சாதாரண கிற்றாரின் கீழ்க் கம்பியின் அரைவாசி. அவ்வளவு தாழ்ந்த சத்தத்துக்கு ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ளவேணும். சின்ன ஸ்பீக்கர் அதுக்கு ஆகலும் முன்பின்னாக அசைந்து, கடைசியில் கிழிந்தும் போகலாம். பின்பக்கம் திறந்த பெட்டி என்றால் முன்னால் போகிற அலையைப் பின்னால் வருகிற அலையே தின்றுவிடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது மூன்று டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம். அதனால்தான் 1969இல் அம்பெக் கொண்டுவந்த எஸ்விடி 300 வாட்ஸ், பத்து இஞ்சி ஸ்பீக்கர் எட்டு. மண்டபமும் சேர்ந்து விளையாடும். அந்த 41இன் அலை ஒன்று எட்டு மீற்றருக்கு மேல் நீளம். சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஓரிடத்தில் குமுறும், நாலு அடி தள்ளி நிற்கிறவனுக்குக் காணாமல் போகும். இதையெல்லாம் விரல் என்ன செய்யும்?

விரல் ஒன்றுமில்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஒரே கம்பியைப் பாலத்துக்குக் கிட்டத் தட்டுறதுக்கும் கழுத்துக்குக் கிட்டத் தட்டுறதுக்கும் உள்ள வித்தியாசம் எந்த பெடலையும் விடப் பெரிசு. ஆனா சாமான் இருக்கிறவர் "விரலிலதான் இருக்கு" எண்டா அது அடக்கம். இல்லாதவனைப் பார்த்து அதையே சொன்னா அது பழி.

எங்கட பக்கத்தில இல்லாததுக்குக் காரணம் சோம்பல் இல்லை. 2022இல் சில மாதங்களுக்குள்ள டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபாய்க்குப் போனது. அதோட வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கண்ணாடிக்குள்ள பார்க்கிற சாமானாகிட்டுது. பழைய கம்பியை விடுதிச் சட்டியில கொதிக்கவைச்சு, ஊத்தை கழண்டதும் திரும்பப் போடுறம். ஒரு கிழமைக்குப் புதுசு மாதிரித்தான் இருக்கும். (அந்தச் சட்டியில பிறகு நூடில்ஸ் அவிக்கவேண்டாம்.)

அப்ப சாமான் கதையை விடச் சொல்லேல்லை, இடம் மாற்றச் சொல்லுறன். கிற்றார் என்ன மரம் எண்டு மணிக்கணக்கில கதைக்கிற நாங்கள், அம்பிளிபயரை ஆளாளுக்கு வாங்கேலாது, சேர்ந்து வாங்கலாமா எண்டு ஒருநாளும் கதைக்கிறதில்லை. ஒரு பீடத்துக்கு நாலு பேஸ் தேவையில்லை, நல்ல பேஸ் பெட்டி ஒன்று போதும். அதுவும் ஏலாட்டி ஒரு டிஐ பெட்டி. கையடக்கமான சாமான், கிற்றாரின் மெலிந்த சிக்னலை நீளமான வயரில் இரைச்சல் ஏறாமல் மிக்ஸர் வரைக்கும் கொண்டுபோகும். மோட்டவுன் செய்ததும் ஏறக்குறைய அதுதான். மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரே எங்கட ஸ்பீக்கராகிடும்.

எங்கட பட்ச்சில ஏழு பேர் சேர்ந்து பாவிச்ச டிஐ ஒன்று வாங்கியிருக்கிறம். மூடியில ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டி, யார் எப்ப கொண்டுபோறது எண்டு எழுதிறம். போன மாதம் முதலாம் வருசப் பிள்ளை ஒருத்தி கொண்டுபோனவள். மேடையால இறங்கி வந்து முதல் கேட்ட கேள்வி, "அண்ணா, சத்தம் ஆகக் கூடிட்டுதோ?"