மரத்துக்கு மானியம் உண்டு, பால் வெட்டியவருக்கு?



உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மேலே என்ன சாயம் பூசியிருந்தாலும் அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருப்பார்கள். வெளிர் மஞ்சளில், ஊசியால் கீறியது போன்ற சின்னக் கோடுகளோடு மரம் தெரிந்தால் தாத்தாவையோ பாட்டியையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். இருட்டோடு எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக அவர்கள் சீவிய பால்மரம்தான் அது.

இன்று அந்த மரத்துக்குப் பெயரே மாறிவிட்டது. வெளிநாட்டு வியாபாரத்தில் அது 'மலேசியன் ஓக்'. மூவாரிலும் மற்ற ஊர்களிலும் செய்யப்படும் மேசை, நாற்காலி, கட்டில் எல்லாம் அமெரிக்கா, ஜப்பான் என்று கப்பல் ஏறுகின்றன. அண்மைய ஆண்டுகளில் நாட்டின் மரப்பொருள் ஏற்றுமதி ஆண்டுக்கு 20 பில்லியன் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பங்கு தளவாடம். மரத் தளவாடத்தில் பெரும்பங்கு ரப்பர் மரம்.

ஒரு காலத்தில் இந்த மரத்தை யாரும் மதிக்கவில்லை. 25, 30 ஆண்டுகள் பால் வற்றும்வரை வெட்டிவிட்டு, கிழட்டு மரத்தைச் சாய்த்து அங்கேயே கொளுத்தினார்கள். மிச்சம் புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகானது. பிறையில் இருந்த மலாயாவாத்தா இரும்பாலை ரப்பர் மரக் கரியில்தான் இரும்பு உருக்கியது. அறுத்த பலகையைச் சில நாள் போட்டுவைத்தாலே நீலம் பாய்ந்து, பூச்சி அரித்துவிடும். பலகைக்கு உடனே மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் விறகு பணமானது. அந்த ஆராய்ச்சியில் கெப்போங்கில் உள்ள அரசாங்க வன ஆய்வுக் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த மரம் ஏன் இவ்வளவு மலிவு? ஏன் இதைக் 'காட்டை அழிக்காத பசுமை மரம்' என்று விளம்பரம் செய்கிறார்கள்? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இதை வளர்த்த செலவைப் பால் ஏற்கெனவே கட்டிவிட்டது. நட்டு, உரம் போட்டு, புல் வெட்டி, கால் நூற்றாண்டு காத்ததற்கான பணம் மங்கில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வெட்டும் நாளில் பலகை கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தது. பசுமை என்று அவர்கள் பெருமைப்படுவதில் நம் பெற்றோரின் முதுகுவலியும் அடக்கம். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை!

இனி அரசாங்கப் பணம் எந்தப் பக்கம் ஓடியது என்று பாருங்கள். 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது தீர்வை வாங்கி, பழைய மரத்தை வெட்டிப் புதிய மரம் நடத் தோட்ட முதலாளிகளுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். 1973இல் ரிஸ்டா வந்தது. 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் வைத்திருப்பவருக்கு மறுநடவு உதவி. 2006இல் காட்டுத் தோட்டத் திட்டம் தொடங்கியது. 15 ஆண்டுகளில் 375,000 ஹெக்டரில் மரம் நடச் சலுகைக் கடன், அதில் பாலும் பலகையும் தரும் ரப்பர் இனத்துக்கு முக்கிய இடம். 2009இல் தேசிய மரத் தொழில் கொள்கை. 2020க்குள் 53 பில்லியன் வெள்ளி ஏற்றுமதி என்று இலக்கு வைத்தார்கள், பாதியைக்கூட எட்டவில்லை. 2017 ஜூலையில் அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. உள்நாட்டுத் தளவாட ஆலைகளுக்கு மரம் கிடைக்க வேண்டுமாம். இப்போது 2021 முதல் 2030 வரைக்கான மூலப்பொருள் கொள்கையிலும் மரத்துக்கு இடம் உண்டு.

நடுபவருக்கு உதவி, அறுப்பவருக்கு உதவி, தளவாடம் செய்பவருக்கு உதவி. 2009ஆம் ஆண்டுக் கொள்கையில் பூமிபுத்ரா பங்கேற்புக்கென்று ஒரு தனி அங்கமே இருந்தது. நடுவில் 25 ஆண்டுகள் அந்த மரத்தோடு வாழ்ந்தவருக்கு மட்டும் ஓர் அங்கமும் இல்லை. ஏன்? உதவி எல்லாம் நிலத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது, அல்லது ஆலையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. நமக்கு இரண்டும் இல்லை. நாம் குடியிருந்த லயமே துரையுடையது.

சரியாகச் சொன்னால், மறுநடவு என்ற சொல் முதலாளிக்கு மானியம், நமக்குப் பயம். புதுக் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை வேலை எங்கே? பல இடங்களில் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. இன்னும் சில இடங்களில் மரமே வரவில்லை, வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும். சாய்த்த மரம் லாரியில் ஏறி மர ஆலைக்குப் போனது. நாம் தட்டுமுட்டுச் சாமான்களோடு இன்னொரு லாரியில் ஏறிப் பட்டணத்தின் ஓரத்துக்குப் போனோம். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதை முன்கூட்டியே பார்த்ததால்தான். அப்படிப்பட்ட முயற்சி இன்னும் பத்து வேண்டியிருந்தது, நடக்கவில்லை.

பெராங் பெசார் தோட்டத்தின் கதை பலருக்கும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். உலகெங்கும் ரப்பர் நடுகிறவர்கள் 'பி.பி. 260' என்ற ஒட்டுரகத்தை அறிவார்கள். பாலும் நிறைய, பலகையும் நல்லது. அந்தப் 'பி.பி.' என்பது பெராங் பெசார். அங்கே உருவாக்கிய ரகம் அது. எந்த மரம் அதிகம் பால் தருகிறது என்று வெள்ளைக்காரத் துரை நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டுமானால், நாள் தவறாமல் யாரோ அதை வெட்டி, பாலை எடுத்து அளக்கக் கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த யாரோ நம்மவர்கள்தாம்.

1990களில் அந்த மண்ணில்தான் புத்ராஜெயா எழுந்தது. பெராங் பெசார், கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். சுவர் விரிசல் விட்ட அந்த வீடுகளில் இருந்துகொண்டு, தரைவீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் போராட வேண்டியிருந்தது. மரத் தொழிலுக்கு மானியம் முடிவு செய்யும் தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சு இன்று எங்கே இருக்கிறது? அதே புத்ராஜெயாவில். மரத்தின் ரகத்துக்குத் தோட்டத்தின் பெயர் நிலைத்துவிட்டது. மனிதர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு சாண் நிலம் நிலைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரிஸ்டா உதவி வாங்கும் மலாய்ச் சிறுதோட்டக்காரர் நம் எதிரி இல்லை. ரப்பர் விலை விழும்போது அவர் அடுப்பும்தான் அணைகிறது. அதேபோல், காட்டுத் தோட்டம் என்ற பெயரில் இயற்கைக் காட்டை மொட்டையடித்து ரப்பர் நடக் கொடுக்கும் கடனை நமக்கும் கொடு என்று நாம் கேட்கக் கூடாது. கிளந்தான் குவா மூசாங்கில் தெமியார் மக்கள் தங்கள் காட்டைக் காக்கத் தடுப்புப் போட்டு மறித்ததை மறந்துவிடாதீர்கள். 2019 ஜனவரியில் அவர்களுக்காகக் கூட்டரசே மாநில அரசு மீது வழக்குத் தொடுத்தது. நம்மை லயத்திலிருந்து எழுப்பியது போல இன்னொருவரை எழுப்பி வரும் மானியம் நமக்கு எதற்கு?

நாம் கேட்க வேண்டியது வேறு. நிலம் இல்லாதவனுக்கும் பொருந்தும் மானியம் வேண்டும். மேசை செய்யத் தோட்டம் தேவையில்லை. ஒரு வாடகைக் கடை, இரண்டு மூன்று இயந்திரம், கைத்தொழில் தெரிந்த நான்கு பேர் போதும். இதற்கு இப்போது நமக்குக் கிடைப்பது என்ன? மித்ராவின் ஆண்டு ஒதுக்கீடு 100 மில்லியன் வெள்ளி. அது நாட்டின் மொத்த இந்தியர் பிரச்சினைக்கும் சேர்த்து: பாலர் பள்ளி, சுகாதாரம், வியாபாரம், எல்லாவற்றுக்கும். 2024இல் தெக்குன் வழியாக ஸ்பூமி கோஸ் பிக் என்று ஒரு லட்சம் வெள்ளி வரை தருகிறோம் என்றார்கள். அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். மரத் தொழிலுக்கென்று பொதுப் பணத்தில் இருக்கும் பெரிய சட்டியை விட்டுவிட்டு, நமக்கென்று தனியே வைத்த சின்னச் சட்டியையே எத்தனை நாள் சுரண்டிக்கொண்டிருப்பது?

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். "மேசை நாற்காலி செய்யவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்காத அப்பா எத்தனை பேர்? மரத் தொழில் வாரியம் பந்திங் ஓலாக் லெம்பிட்டில் விஸ்டெக் என்ற மரத் தொழில் பயிற்சி மையத்தை நடத்துகிறது. பந்திங்! நம் மக்கள் அடர்ந்து வாழும் வட்டாரம், சுற்றிலும் பழைய தோட்டங்கள். அந்த வழியாகத் தினமும் பேருந்தில் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? தெரியாதது பிள்ளையின் குற்றம் மட்டுமா? தமிழில் ஓர் அறிவிப்புத் தாள் நம் கோவில் வாசலிலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ வந்திருக்கிறதா? நம் தலைவர்கள் பொங்கல் விருந்தில் மாலை போட்டுக்கொள்ளும் நேரத்தில் இதை ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம்.

தளவாட ஆலை என்றாலே தூசி, குறைந்த கூலி, வெளிநாட்டுத் தொழிலாளர் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆலை வாசலில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு நிற்பதற்காக நான் உங்கள் பிள்ளையை அனுப்பச் சொல்லவில்லை. இயந்திரம் ஓட்டவும், வரைபடம் போடவும், விலை போட்டு விற்கவும் தெரிந்தவனாக உள்ளே போகட்டும். பொதுப் பணத்தில் உதவி வாங்கும் ஆலை, முன்னாள் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக இடம் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது அரசாங்கத்துக்குக் கஷ்டமா? மானியம் கொடுக்கும்போது ஆயிரம் நிபந்தனை போடுகிறவர்கள்தானே அவர்கள்.

இப்போது வெளியிலிருந்தும் ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. ரப்பரோ மரமோ தளவாடமோ, அது எந்த நிலத்தில் விளைந்தது என்று இடத்தைத் துல்லியமாகக் காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் சிறுதோட்டக்காரர்களைத் தயார்படுத்தவும் நிலங்களைப் பதிவு செய்யவும் அரசாங்கம் செலவு செய்தே ஆக வேண்டும். மரம் நின்ற இடத்தைத் தேடிப்போய் எழுதத் தொடங்கும் இந்த நேரத்தில்தான், அங்கே வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியையும் நாம் மேசைமேல் வைக்க வேண்டும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவனோ அவளோ பெயரில் மரத் தொழில் வாரியத்துக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். விஸ்டெக்கில் என்னென்ன பயிற்சி, கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, உதவித்தொகை உண்டா, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை இந்திய மாணவர்கள் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், கவுண்டரில் நிற்பவர் மாறிவிடுவார். நகல் ஒன்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள், இன்னொன்றைக் கையில் வையுங்கள். தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு வரை பால் வெட்டினார்கள் என்பதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். பதில் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு மாதமாகியும் வரவில்லை என்றால், கடிதம் போட்ட தேதியோடு அதையும் எழுதி அனுப்புங்கள்.